குழந்தைகள் ஹெல்ப்லைனில் மெஷின் லேர்னிங் வேலை: உள்ளே இருந்து பார்த்தவை

குழந்தைகளுக்கான ஹெல்ப்லைன் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தில் மெஷின் லேர்னிங் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அப்போ குழந்தைங்ககிட்ட ஏஐ பேசுதா?" இல்லை. பேசுவது மனிதர்கள்தான். பயிற்சி பெற்ற கவுன்சிலர்கள், அவர்களில் நிறையப் பேர் தன்னார்வலர்கள். அவர்களுக்கும் குழந்தைக்கும் நடுவில் இருக்கும் காத்திருப்பைக் குறைப்பதுதான் என் வேலை. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் இந்த எல்லையைக் காப்பாற்றவே நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். புதிதாக வரும் நிர்வாகி, நன்கொடையாளர், மென்பொருள் விற்க வருபவர் என்று ஆளாளுக்கு ஒரு சாட்பாட் யோசனையோடு வருவார்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் பிள்ளைகளின் வார்த்தைகள் எல்லாம் நானே அமைத்தவை. உண்மையான உரையாடலில் இருந்து ஒரு வரி கூட வெளியே வரக்கூடாது, பெயரை மாற்றினாலும் கூடாது.

1986இல் பிரிட்டனில் சைல்ட்லைன் தொடங்கியபோதும், 1996இல் மும்பையில் 1098 என்ற குழந்தைகள் ஹெல்ப்லைன் தொடங்கியபோதும் எல்லாமே தொலைபேசிதான். இப்போது பல ஹெல்ப்லைன்களில் சாட்டும் குறுஞ்செய்தியும் பெரும் பங்கு. காரணம் எளிது. பக்கத்து அறையில் அப்பா இருக்கும்போது அவரைப் பற்றிச் சத்தமாகப் பேச முடியாது, டைப் செய்யலாம். எழுத்து வந்ததும் எங்களைப் போன்றவர்களுக்கும் வேலை வந்தது.

ஆனால் நான் முதலில் கட்டியதற்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. எந்த மணி நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்ற கணிப்பு, அவ்வளவுதான். ஹெல்ப்லைன் என்பது அடிப்படையில் ஒரு வரிசை. வரிசையில் நிற்கும் குழந்தை பெரியவர்களைப் போலக் காத்திருக்காது. அறைக்குள் யாராவது வந்தால் வைத்துவிடும். சேர்த்து வைத்த தைரியம் போய்விட்டாலும் வைத்துவிடும். மறுபடி வருமா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே சரியான நேரத்தில் போதிய கவுன்சிலர்கள் ஷிஃப்டில் இருப்பது, எந்தப் புத்திசாலி மாடலையும்விட (டேட்டாவில் இருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் நிரல்) அதிகப் பிள்ளைகளுக்கு உதவும்.

பள்ளி விட்டதும் கூட்டம் ஏறும். பெரியவர்கள் தூங்கப் போனதும் மறுபடி ஏறும். விடுமுறை முடியும் நாளும் தேர்வு முடிவுக்கு முந்தைய இரவும் தனிக் கணக்கு. கடந்த சில வாரங்களில் அதே கிழமை, அதே மணிக்கு வந்தவர்களின் சராசரியை எடுத்து, அதற்கு மேல் பள்ளி நாட்காட்டியை வைத்தால் போதும், பெரும்பாலும் வேலை முடிந்தது. இந்தச் சாதாரணக் கணக்கைத் தோற்கடிக்க நியூரல் நெட்வொர்க் என்ற சிக்கலான மாடல் படாத பாடு பட்டது. கடைசியில் சராசரியைத்தான் வைத்துக்கொண்டோம். ஷிஃப்ட் போடுபவருக்கும் அது புரிந்தது, அவரே திருத்தவும் முடிந்தது.

இதில் இரண்டு சிக்கல்களைச் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்கு எத்தனை ஆள் வேண்டும் என்பதற்குக் கால்சென்டர்கள் இன்றும் பயன்படுத்தும் கணக்கு, கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் நூறு வருடங்களுக்கு முன் போட்டுக் கொடுத்தது. அதன் பிரபலமான வடிவமான எர்லாங் சி, வரிசையில் நிற்கும் யாரும் வைத்துவிட்டுப் போக மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் வரிசையில் நடப்பது அதற்கு நேர் எதிர். வைத்துவிடுபவர்களையும் கணக்கில் எடுக்கும் வடிவங்கள் இருக்கின்றன, அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, லைன் பிஸி என்று ஒரே குழந்தை பத்து நிமிடத்தில் எட்டு முறை முயன்றால் பதிவேட்டில் எட்டு அழைப்பு விழும். அப்படியே எண்ணினால் தேவை மிகையாகத் தெரியும். அதே குழந்தைதானா என்று பார்க்க எண்ணைப் பார்க்க வேண்டும், ஆனால் எண்ணை வைத்திருக்கவும் கூடாது. எண்ணை ஹாஷ் செய்துவிட்டால், அதாவது திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றிவிட்டால், போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. தொலைபேசி எண்களின் மொத்தத் தொகையே கணினிக்குச் சின்னது. சாத்தியமான எல்லா எண்களையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டால் அசல் எண் வெளியே வந்துவிடும். நாளுக்கு ஒன்றாக மாறி, நாள் முடிந்ததும் அழிக்கப்படும் ரகசியச் சாவியைச் சேர்த்து ஹாஷ் செய்தோம். ஒரு நாளுக்குள் திரும்பத் திரும்ப வரும் முயற்சிகளை ஒன்றாக எண்ண முடிந்தது. மறுநாள் எங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது.

சரி, அடுத்தது விளையாட்டு அழைப்புகள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

எந்தக் குழந்தைகள் ஹெல்ப்லைனை எடுத்தாலும் பேசாமல் இருந்துவிட்டு வைக்கும் அழைப்பு, நாலு பேர் சேர்ந்து சிரிக்கும் அழைப்பு, கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு ஓடும் அழைப்பு எல்லாம் ஏராளமாக இருக்கும். புள்ளிவிவரத்தைப் பார்க்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது, இவற்றை மாடல் வைத்து வடிகட்டினால் எத்தனை மணி நேரம் மிச்சமாகும் என்பதுதான். நிர்வாகத்தில் இருந்தும் அந்தக் கோரிக்கை வந்தது. தொழில்நுட்பமாகக் கடினமும் இல்லை. அழைப்பின் நீளம், பின்னணிச் சிரிப்பு, முதல் சில நொடிகளின் அமைதி, இவை போதும் ஓரளவுக்குப் பிரித்துவிட.

பல வருடங்கள் ஷிஃப்ட் பார்த்த ஒரு மேற்பார்வையாளரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "அதை விளையாட்டுன்னு யாரு சொன்னா? கதவைத் தட்டிப் பாக்கறாங்க. திறக்கறது யாரு, திட்டுவாங்களான்னு பாக்கறாங்க. நாம திட்டலைன்னா இன்னொரு நாள் தனியா வருவாங்க."

அவருடைய கவுன்சிலர்கள் சிரிப்பு அழைப்பை எப்படி எடுக்கிறார்கள் என்று அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குரலில் கோபமே இல்லை. "நீங்க எல்லாம் ஜாலியா இருக்கீங்க போல. சரி, எப்பவாவது ஏதாவது பேசணும்னா இந்த நம்பர்ல நாங்க இருப்போம். பேர் சொல்ல வேண்டாம்." இதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் கூட ஆகாது. சிரித்துக்கொண்டிருந்த நாலு பேரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறார்கள். அமைதி அழைப்புக்கும் இப்படித்தான். "பேச முடியலைன்னா பரவாயில்ல. நான் கொஞ்ச நேரம் லைன்லயே இருக்கேன்."

இதில் மெஷின் லேர்னிங்காரருக்கு ஒரு பாடம் இருக்கிறது. வடிகட்டி போட்டுவிட்டால் அது தவறு செய்கிறதா என்பதை எந்த டேட்டாவும் காட்டாது. வெட்டப்பட்ட அழைப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பதிவாக வாய்ப்பே இல்லை. திரும்பி வராத குழந்தை எந்த அட்டவணையிலும் வராது. டாஷ்போர்டில் காத்திருப்பு நேரம் குறைந்திருக்கும், எல்லாம் பச்சையாக இருக்கும். தன் தவறைத் தானே மறைத்துக்கொள்ளும் மாடலைக் கட்டாமல் இருப்பதே நல்லது. இந்த வாதத்தை எழுத்தில் கொடுத்ததும் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது.

அமைதி பற்றிய டேட்டாவை வேறு கேள்விக்குப் பயன்படுத்தினோம். சாட்டில் குழந்தை சில நிமிடம் எதுவும் எழுதாவிட்டால் உரையாடல் தானாக மூடிக்கொள்ளும் வசதி இருந்தது. எல்லா வாடிக்கையாளர் சேவை மென்பொருளிலும் இருப்பதுதான். முக்கியமான விஷயத்தைப் பிள்ளைகள் முதன்முதலில் சொல்லும் வரிக்கு முன்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று நேரமுத்திரைகளை மட்டும் வைத்துப் பார்த்தோம். மற்ற வரிகளைவிட அந்த வரிக்கு முன் அமைதி தெளிவாக நீண்டிருந்தது. எழுதி, அழித்து, மறுபடி எழுதுகிறார்கள். மூடும் நேரத்தை நீட்டச் சொன்னோம். மாடல் எதுவும் இல்லை, ஒரு வரைபடம்தான். இந்த வேலையில் நான் திருப்தியோடு நினைத்துப் பார்க்கும் விஷயங்களில் அது ஒன்று.

வரிசையில் யாரை முதலில் எடுப்பது என்பதற்கு மட்டும் உண்மையாகவே எழுத்தைப் படித்துப் பிரிக்கும் மொழி மாடல் தேவைப்பட்டது. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கும் குழந்தை, வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்கும் குழந்தைக்குப் பின்னால் நிற்கக்கூடாது. அமெரிக்காவில் 2013இல் தொடங்கிய கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் என்ற குறுஞ்செய்தி ஹெல்ப்லைன் இதை ஆரம்பத்திலேயே செய்தது. அவர்களுடைய டேட்டாவில், தற்கொலை என்ற வார்த்தையைவிட ஒரு சாதாரண வலி மாத்திரையின் பெயர் அவசர உதவி தேவைப்படும் என்பதை அதிகம் காட்டிக்கொடுத்தது. யோசித்தால் புரியும். மனதில் இருக்கும் எண்ணத்தைச் சொல்வது வேறு, கையில் இருக்கும் பொருளைச் சொல்வது வேறு. ஆபத்தான வார்த்தைகள் என்று பெரியவர்கள் உட்கார்ந்து எழுதும் பட்டியலில் அந்த மாத்திரை வந்திருக்காது.

பிள்ளைகள் எழுதுவதோ இன்னும் மறைவாக இருக்கும். "என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிராப்ளம்" என்று தொடங்குவதில் அந்த ஃப்ரெண்ட் பல நேரம் அவர்களேதான். "ஒண்ணும் இல்ல சும்மா வந்தேன்" என்று எழுதி, கீழே ஒரு சிரிப்பு இமோஜி. இரண்டு மொழி கலந்து, உயிரெழுத்தை விட்டுவிட்டு, மூன்று செய்தியாக உடைத்து எழுதுவார்கள். செய்தித்தாள்களையும் விக்கிபீடியாவையும் படித்து வளர்ந்த மாடலுக்கு இது வேற்று கிரகம்.

இங்கே எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. பழைய உரையாடல்களை முழுதாக எடுத்து, அதிக ஆபத்து, மற்றவை என்று பிரித்துப் பயிற்சி கொடுத்தால் மதிப்பெண் பிரமாதமாக வரும். எந்த வார்த்தைகளை நம்பி மாடல் முடிவெடுக்கிறது என்று திறந்து பார்த்தால், "நீ இப்போ பாதுகாப்பான இடத்துல இருக்கியா?" மேலே நிற்கும். அது குழந்தை எழுதியது இல்லை, கவுன்சிலர் கேட்டது. ஆபத்தை மனிதர் கண்டுபிடித்த பிறகு கேட்கும் கேள்வியை மாடல் கற்றுக்கொண்டு, தானே கண்டுபிடித்த மாதிரி காட்டுகிறது. கவுன்சிலரின் வரிகளை எடுத்துவிட்டாலும் முழுதாகத் தீராது. வரிசையில் நிற்கும்போது நம் கையில் இருப்பது குழந்தையின் முதல் ஓரிரு செய்திகள் மட்டும்தான். பல நேரம் அது வெறும் "ஹாய்". பயிற்சியிலும் சோதனையிலும் அந்த முதல் செய்திகளை மட்டும் கொடுங்கள். மதிப்பெண் சடாரென்று இறங்கும். இறங்கியதுதான் உண்மையான எண். முதல் செய்தியில் விஷயமே இல்லை என்றால், காத்திருக்கும்போது இரண்டு எளிய கேள்விகள் கேட்பது எந்தப் பெரிய மாடலையும்விடப் பயன் தரும்.

துல்லியம் 99 சதவீதம் என்று யாராவது சொன்னால் பேனாவை எடுங்கள். பத்தாயிரம் சாட்டில் நூறு மட்டுமே அதிக ஆபத்து என்று வைத்துக்கொள்வோம். "யாருக்கும் ஆபத்து இல்லை" என்று எப்போதும் சொல்லும் மாடலுக்கும் 99 சதவீதத் துல்லியம் கிடைக்கும். இன்னொரு மாடல் ஆபத்தான நூறில் 90ஐப் பிடிக்கிறது, ஆபத்தில்லாதவற்றில் 5 சதவீதத்தைத் தவறாகத் தூக்குகிறது என்றால், 9,900இல் 495 தவறான எச்சரிக்கை. மொத்தம் 585 எச்சரிக்கையில் 90தான் நிஜம், கிட்டத்தட்ட ஆறரைக்கு ஒன்று. இது மோசமா? அந்த எச்சரிக்கையை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆம்புலன்ஸ் அனுப்புவதென்றால் பயங்கரம். வரிசையில் கொஞ்சம் முன்னால் நகர்த்துவதென்றால் பரவாயில்லை. தவறாக முன்னே போன குழந்தைக்கும் ஒரு கவுன்சிலர் கிடைக்கிறார், அவ்வளவுதானே. விடுபட்ட பத்துப் பேர்தான் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியவர்கள். அதனால் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் முன்னுரிமை தானாக ஏறும்படி வைத்தோம். மாடல் என்ன சொன்னாலும் யாரும் வரிசையின் அடியில் கிடக்கக்கூடாது.

கவுன்சிலரின் திரையில் மாடல் தரும் ஆபத்து ஸ்கோரை எப்படிக் காட்டுவது என்பதில் பெரிய விவாதமே நடந்தது. எண்ணாகக் காட்ட வேண்டாம், பச்சை நிறமும் வேண்டாம் என்று முடிவானது. குறைந்த ஆபத்து என்று திரை சொன்னால், களைத்துப்போன மனிதர் தன்னையறியாமல் கொஞ்சம் தளர்ந்துவிடுவார். எச்சரிக்கை இருந்தால் மட்டும் ஒரு குறி, அதற்குக் காரணமான வரி அழுத்தமாக. இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. மாடலின் மௌனத்தை யாரும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று பயிற்சியிலும் சொல்கிறோம்.

குரலுக்கு இதையெல்லாம் செய்யலாமா என்று கேட்பார்கள். இப்போதைக்கு நான் செய்ய மாட்டேன். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் பெரியவர்களின் குரலில் பழகியவை, குழந்தைக் குரலில் தவறுகள் கூடும். ஹெல்ப்லைனுக்கு வரும் பிள்ளைகளோ போர்வைக்குள் இருந்து கிசுகிசுப்பவர்கள். அழுதுகொண்டே பேசுபவர்கள். யாருக்கு மிக அவசரமோ அவர் குரல்தான் மென்பொருளுக்குப் புரியாமல் போகும்.

மாடல் கற்றுக்கொள்ள உரையாடல்களுக்கு இடும் வகைக் குறிகளான லேபிள்களைப் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு உரையாடல் முடிந்ததும் கவுன்சிலர் ஒரு பட்டியலில் இருந்து பிரச்சினை வகையைத் தேர்ந்தெடுப்பார். அடுத்த குழந்தை காத்திருக்கிறது, ஆகவே மேலே இருக்கும் விருப்பத்தைத் தட்டிவிட்டுப் போவார். "குடும்பப் பிரச்சினை" என்பதற்குள் எல்லாமே அடங்கிவிடும். இந்த லேபிளை நம்பி எதையும் கட்டாதீர்கள். அனுபவமுள்ள இரண்டு கவுன்சிலர்களை ஷிஃப்டில் இருந்து விடுவித்து, ஒரே தொகுதி உரையாடல்களைத் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கோஹனின் கப்பா என்ற அளவில் பாருங்கள், தற்செயலாக ஒத்துப்போவதை அது கழித்துவிடும். ஒத்துப்போகாத இடங்களை வைத்து அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். எனக்கு இந்தத் துறையைக் கற்றுக்கொடுத்ததே அந்தப் பேச்சுகள்தான். அவர்களுடைய அந்த நேரத்துக்குப் பணம் ஒதுக்க நிர்வாகத்தைச் சம்மதிக்க வைப்பது மாடல் பயிற்சிக்கான ஜிபியு சிப் வாங்குவதைவிடக் கடினம், ஆனால் அதைவிட முக்கியம்.

இனி ரகசியம். "இங்க சொல்றது நமக்குள்ளதான்" என்று சொல்லித்தான் பேச்சே தொடங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அந்த வாக்கு மாறும், அதையும் குழந்தையிடம் முன்பே சொல்வார்கள். ஐ.நா. 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, தனியுரிமை குழந்தைக்கும் உண்டு என்கிறது. அந்த வாக்குக்குள் மாடலுக்கான பயிற்சி அடங்குமா? கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் விஷயத்தில் 2022 ஜனவரியில் இந்தக் கேள்விதான் வெடித்தது. அடையாளம் நீக்கிய உரையாடல் டேட்டாவை, வாடிக்கையாளர் சேவை மென்பொருள் செய்யும் லோரிஸ் என்ற தன் துணை வணிக நிறுவனத்தோடு அது பகிர்ந்திருந்தது செய்தியானது. விதிமுறைகளில் எழுதியிருந்தது, பயனர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்றார்கள். நெருக்கடியில் இருப்பவர் விதிமுறையைப் படித்துவிட்டா ஒப்புக்கொள்வார் என்று பலரும் திருப்பிக் கேட்டார்கள். சில நாட்களிலேயே பகிர்வு நிறுத்தப்பட்டது. எங்கள் நிறுவனத்தில் இதிலிருந்து எடுத்துக்கொண்ட விதி எளிது: அடுத்த குழந்தைக்கு உதவும் வேலைக்கு மட்டும் டேட்டா, வேறு எதற்கும் இல்லை.

அடையாளம் நீக்குவது என்பதும் அவ்வளவு எளிதில்லை. பெயர்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் பட்டப்பெயர்களையும், டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயரையும் விட்டுவிடும். பெயர் எல்லாவற்றையும் எடுத்தாலும், "எங்க ஸ்கூல்ல ட்வின்ஸ் நாங்க ரெண்டு பேர்தான்" என்ற வரி மிச்சமிருக்கும். 2000ஆம் ஆண்டில் கணினி ஆய்வாளர் லடான்யா ஸ்வீனி காட்டிய கணக்கு ஒன்று உண்டு. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாகச் சுட்டிவிடலாம். உரையாடலில் இதைவிட எவ்வளவோ இருக்கிறது. பயிற்சி கொடுத்த மாடலும் ஒரு கசிவு வழிதான். ஜிபிடி-2 என்ற எழுதும் மாடல் மனப்பாடம் செய்து வைத்திருந்த பெயர்களையும் தொலைபேசி எண்களையும் 2020 டிசம்பரில் ஆய்வாளர்கள் வெளியே எடுத்துக் காட்டினார்கள். ஆகவே குழந்தைகளின் உரையாடலில் பயிற்சி பெற்ற எழுதும் மாடல் எங்கள் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. வகைப்படுத்தும் சிறிய மாடல்களே எங்கள் வேலைக்குப் போதும்.

தினசரிப் பழக்கத்தில்தான் பெரும்பாலும் கசியும். நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் நோட்புக் கோப்பில் மாதிரிக்கு ஐந்து வரிசை அச்சிட்டுவிட்டு, அப்படியே நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்டில் ஏற்றுவது, பிழைச் செய்தியோடு உரையாடலையும் சேர்த்து குழு சாட்டில் ஒட்டுவது, அவசரத்துக்கு வெளி ஏஐ சேவையில் போட்டுப் பார்ப்பது. நோட்புக்கின் வெளியீட்டைத் தானாக அழிக்கும் ஸ்கிரிப்டை முதல் நாளே போட்டுவிடுங்கள். டேட்டா இருக்கும் கணினியில் இணையத்தை வெட்டிவிடுங்கள். யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்ற பதிவு, உங்களையும் சேர்த்துத்தான், இருக்க வேண்டும்.

இப்போது சாட்பாட் யோசனைக்கு வருவோம், தவிர்க்க முடியாது. 2023இல் அமெரிக்காவின் நேஷனல் ஈட்டிங் டிஸ்ஆர்டர்ஸ் அசோசியேஷன் தன் ஹெல்ப்லைனை மூடும் முடிவை எடுத்தது. அதே சமயம் அது வைத்திருந்த டெஸ்ஸா என்ற சாட்பாட், உணவுக் கோளாறோடு வருபவர்களுக்கே எடை குறைக்க ஆலோசனை சொல்வது வெளியே தெரிந்து, அதையும் இறக்க வேண்டியதாயிற்று. அடுத்த தடவை யாராவது சாட்பாட் என்று தொடங்கினால் இந்தக் கதையைச் சொல்வேன். கூடவே இன்னொன்றையும் சொல்வேன், ஏனென்றால் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்பதில்லை. எல்ஜிபிடிக்யூ இளையோருக்கு நெருக்கடியில் உதவும் அமெரிக்காவின் டிரெவர் புராஜெக்ட் 2021இல் ஏஐயைக் கவுன்சிலர் இடத்தில் வைக்காமல், அழைக்கும் இளையவரின் இடத்தில் வைத்தது. பயிற்சியில் இருக்கும் தன்னார்வலர் அந்தக் கற்பனை இளையவரோடு பேசிப் பழகுவார். தவறாகப் பேசினாலும் யாரும் காயப்பட மாட்டார்கள். எழுதும் மாடல்களை ஹெல்ப்லைனில் வைக்க எனக்குத் தெரிந்த நல்ல இடம் இதுதான். உரையாடல் முடிந்ததும் கவுன்சிலர் எழுத வேண்டிய சுருக்கக் குறிப்புக்கு வரைவு கொடுப்பதும் இன்னொன்று. அதையும் அவர் படித்துத் திருத்திய பிறகுதான் சேமிக்க முடியும்.

அடுத்தது, இந்த உரையாடல்களைப் படிக்கும் டேட்டா ஆட்களின் மனம் பற்றி. கவுன்சிலர்களுக்கு ஷிஃப்ட் முடிந்ததும் மேற்பார்வையாளரிடம் பேசும் ஏற்பாடு உண்டு. டேட்டா ஆட்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கவுன்சிலர் ஒரு நாளில் கேட்பதைவிட அதிகக் கனமான உரையாடல்களை நாங்கள் ஒரு மதியத்தில் படிக்கிறோம். அதுவும் எதையும் செய்ய முடியாத நிலையில், எல்லாம் நடந்து முடிந்த பிறகு. எந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்ற முடிவும் தெரியாது. வேலைக்குச் சேரும்போதே அந்தப் பேச்சு ஏற்பாட்டில் உங்களையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. தனியாக, இரவில், வீட்டில் உட்கார்ந்து படிக்காதீர்கள். எண்ணை வைத்துத் தீர்க்கக்கூடிய கேள்விக்கு உரையாடலைத் திறக்காதீர்கள். ஆர்வத்துக்காகத் திறப்பது ஒழுங்கும் இல்லை, உங்களுக்கு நல்லதும் இல்லை.

சேர நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். சம்பளம் மென்பொருள் நிறுவனங்களைவிடக் குறைவாக இருக்கும், எதிர்பார்த்தே வாருங்கள். குழு சின்னது. டேட்டா குழாய்களை நீங்களே கட்ட வேண்டும், எக்செல் தாளையும் நீங்களே சரிசெய்ய வேண்டும், சில நாள் பிரிண்டரையும். கவுன்சிலர்களுக்கான பயிற்சி வகுப்பில் முழுதாக உட்காராமல் டேட்டாவைத் தொடாதீர்கள். நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பது போல நீங்களும் கேளுங்கள்: மாடல் விட்டுவிட்ட உரையாடல்களை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை? அதற்கு ஆள் இல்லை என்றால் இன்னும் அங்கே மாடலுக்கு வேளை வரவில்லை. எங்களிடம் வாரம் ஒரு முறை கவுன்சிலர்களோடு உட்கார்கிறோம். பிள்ளைகளின் புதிய கொச்சை வார்த்தைகள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் காதில் விழும், மாடலுக்கு அப்புறம்தான் போகும்.

கடைசியாக, மாடல் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை முன்பே தீர்மானித்து வையுங்கள். எங்கள் அமைப்பில், குறிப்பிட்ட நொடிக்குள் ஸ்கோர் வராவிட்டால் அந்தக் குழந்தை வந்த நேரப்படி வரிசையில் நிற்கும். பிழைச் செய்தி குழந்தையின் திரைக்குப் போகாது. இது வேலை செய்கிறதா என்று பார்க்க, கூட்டம் குறைவான ஒரு காலை நேரத்தில் மாதத்துக்கு ஒரு முறை மாடலை வேண்டுமென்றே நிறுத்துகிறோம். ஷிஃப்டில் இருக்கும் மேற்பார்வையாளருக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு.